45 வயதுப் பெண்ணிடமும் கேளுங்கள்

கருவுற்ற பெண்ணைத் தமிழக மருத்துவத் துறை கண்ணும் கருத்துமாகப் பின்தொடர்கிறது. நாள் தள்ளிப்போனது தெரிந்ததும் கிராம சுகாதார செவிலியர் பெயரைப் பதிகிறார். கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண் கிடைக்கிறது. இரும்புச்சத்து மாத்திரை, தடுப்பூசி, ஸ்கேன், முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி என்று ஒவ்வொன்றும் முறைப்படி நடக்கிறது. நாட்டுக்கே முன்மாதிரியான ஏற்பாடு இது. ஆனால், இரண்டாவது பிரசவமும் குடும்பக்கட்டுப்பாடு அறுவை சிகிச்சையும் முடிந்துவிட்டால் அதே பெண் அந்தப் பதிவேட்டிலிருந்து காணாமல் போகிறார். இருபது ஆண்டுகள் கழித்து மாதவிடாய் நிற்கும் வயதில் அவர் மனம் என்ன பாடுபடுகிறது என்று கேட்க ஆளில்லை. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு பெண்களிடம் விரிவாகப் பேசுவதும் 15 முதல் 49 வயது வரைதான். இந்த இடைவெளியை அரசு அடைக்க வேண்டும். அதை நம் கடலூர் மாவட்டத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

மேலை நாடுகளில் சராசரியாக 51 வயதில் நிற்கும் மாதவிடாய், இந்தியப் பெண்களுக்கு 46, 47 வயதிலேயே நின்றுவிடுகிறது. அதற்கு முந்தைய சில ஆண்டுகள்தான் மனதுக்குக் கடினமானவை. அந்தக் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் சீராகக் குறைவதில்லை. தாறுமாறாக ஏறி இறங்குகிறது. மனநிலையைச் சமன்படுத்தும் செரோடோனின் போன்ற மூளை ரசாயனங்களும் அதனோடு சேர்ந்து தடுமாறுகின்றன. உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியும் பாதிக்கப்படுவதால் நள்ளிரவில் குப்பென்று வியர்த்து விழிப்பு வருகிறது. பல மாதங்கள் உறக்கம் கெட்டால் யாருக்குத்தான் மனம் நிலைக்கும்? மாதவிடாய் சீராக உள்ள பெண்களைவிட, நிற்பதற்கு முந்தைய கட்டத்தில் இருப்பவர்களுக்கு மனச்சோர்வு அறிகுறிகள் வரும் வாய்ப்பு சுமார் 40 சதவீதம் அதிகம் என்று லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2024இல் கூறினர். பல நாடுகளின் 9,000க்கும் அதிகமான பெண்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து அவர்கள் கண்ட முடிவு அது. பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வுக்கு ஆளானவர்களுக்கு இந்த வயதில் அது திரும்பி வரும் வாய்ப்பு இன்னும் கூடுதல்.

இதெல்லாம் ஏட்டுக் கணக்கு என்று யாராவது நினைத்தால், விடியலில் கடலூர் முதுநகர் துறைமுகத்துக்குப் போய்ப் பார்க்கட்டும். ஏலம் எடுத்த மீனை அன்னக்கூடையில் அள்ளி, ஐஸ் போட்டுத் தூக்கிச் செல்பவர்களில் பலர் நாற்பதைக் கடந்த பெண்கள். வெயில் ஏற ஏற உடம்புக்குள்ளிருந்தும் அனல் கிளம்புகிறது. முகம் சிவந்து, கழுத்து வியர்த்து, நெஞ்சு படபடக்கிறது. இந்த வயதில் மாதவிடாய் நிற்பதற்கு முன் சிலருக்கு உதிரம் அளவுக்கு மீறிப் போகும். துணி மாற்ற ஒதுக்கமான இடம் கிடைப்பதோ அரிது. கூடையை இறக்கிவைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் அன்றைய முதல் போச்சு. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைப்பவர்கள், சிதம்பரத்தைச் சுற்றி நடவுக்கும் களைக்கும் போகிறவர்கள், பள்ளியிலும் அலுவலகத்திலும் வேலை பார்ப்பவர்கள் என எல்லோருக்கும் இதே வயது வருகிறது. இதே தொல்லையும் வருகிறது. மகள் கல்யாணம், மகன் வேலை, மாமியார் படுக்கை, குழுக்கடன் தவணை எல்லாம் கூடி நெருக்குவதும் இதே ஆண்டுகளில்தான்.

இப்படி ஒரு பெண் மருத்துவரிடம் போனால் என்ன நடக்கிறது? “படபடன்னு வருது, தூக்கமே இல்ல, எதுக்கெடுத்தாலும் அழுகையா வருது” என்கிறார். ஈசிஜி எடுக்கிறார்கள், சரியாக இருக்கிறது. ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். சத்து மாத்திரையும் சில நாளுக்குத் தூக்க மாத்திரையும் எழுதித் தருகிறார்கள். “தூரம் ஒழுங்கா வருதா?” என்ற கேள்வி பல இடங்களில் எழுவதே இல்லை. நோயாளியும் தானாகச் சொல்வதில்லை. ரத்தசோகையும் தைராய்டு கோளாறும் இதே போன்ற அறிகுறிகளைத் தரும் என்பதால் அவற்றையும் பரிசோதிக்க வேண்டும். அதுவும் பலருக்கு நடப்பதில்லை. வீட்டிலோ மந்திரிப்பதும் தாயத்து கட்டுவதும் நடக்கிறது.

இதைவிடக் கொடுமை, அதிக உதிரப்போக்கு என்று வரும் பெண்ணுக்கு வேறு சிகிச்சை எதையும் பார்க்காமல் கருப்பையையே எடுத்துவிடுவது. கருப்பையோடு சினைப்பைகளையும் நீக்கினால், இயற்கை சில ஆண்டுகளில் செய்வதைக் கத்தி ஒரே நாளில் செய்துவிடுகிறது. மனச்சோர்வின் அபாயமும் கூடுகிறது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் ஏராளமானோருக்கு இளம் வயதிலேயே கருப்பை அகற்றப்பட்டது நாடறிந்த செய்தி. தேவையற்ற கருப்பை அகற்றத்தைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த உத்தரவு நம் மாவட்டத்துத் தனியார் மருத்துவமனைகளில் எப்படிப் பின்பற்றப்படுகிறது என்பதை மருத்துவத் துறை வெளியிட வேண்டும்.

“நம் பாட்டிமார்களெல்லாம் இதற்கு வைத்தியமா பார்த்தார்கள்?” என்று கேட்பவர்கள் உண்டு. பார்க்கவில்லை, அதனால் அவர்கள் துன்பப்படவில்லை என்று ஆகிவிடாது. “சிடுமூஞ்சி”, “சாமி வந்தவள்” என்று ஊர் பெயர் வைத்த பெண்களில் எத்தனை பேர் உள்ளுக்குள் நொந்து கிடந்தார்களோ! அதே சமயம் இன்னோர் எச்சரிக்கையும் தேவை. எல்லாப் பெண்களுக்கும் இந்த வயதில் மனநோய் வருவதில்லை. பெரும்பாலோர் சமாளித்துக் கடக்கிறார்கள். கூலி குறைந்ததற்காகவோ, கணவர் குடித்துவிட்டு அடித்ததற்காகவோ ஒரு பெண் கோபப்பட்டால், “அவளுக்கு அந்த வயசு” என்று தள்ளிவிடுவது அநியாயம். ஹார்மோனைக் காரணம் காட்டி நியாயமான கோபத்தை மறைக்கக் கூடாது. கோபத்தைக் காரணம் காட்டி நோயையும் மறைக்கக் கூடாது.

இதற்குச் சிகிச்சை இல்லாமலில்லை. மனநல ஆலோசனை, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் சிகிச்சை, மனச்சோர்வு உறுதியானால் அதற்குரிய மாத்திரை, தேவைப்படுவோருக்கு ஹார்மோன் சிகிச்சை என வழிகள் பல. 2002இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வுக்குப் பிறகு ஹார்மோன் சிகிச்சை என்றாலே உலகம் அஞ்சியது. அந்த ஆய்வில் பங்கேற்ற பெண்களின் சராசரி வயது 63. நாற்பதுகளின் முடிவில் தொடங்குவோருக்கு அதே அபாயக் கணக்கு பொருந்தாது என்பது பின்னர் தெளிவாயிற்று. 2025 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே அம்மருந்துகளின் மீதிருந்த கடும் எச்சரிக்கைகளை நீக்குவதாக அறிவித்தது. ஆனாலும், மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கும் ரத்தக்கட்டு அபாயம் உள்ளவர்களுக்கும் ஹார்மோன் சிகிச்சை பொதுவாக ஏற்றதல்ல. மருத்துவர் ஒவ்வொருவரையும் பரிசோதித்து முடிவு செய்ய வேண்டியது அது. அந்தப் பரிசோதனைக்கான வாசல்கூட நம் பெண்களுக்குத் திறந்திருக்கவில்லை என்பதே நம் குறை.

புதிய கட்டடமோ பெருநிதியோ இதற்குத் தேவையில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். 40 முதல் 55 வயது வரையுள்ள பெண்களிடம் அவர்கள் மூன்று கேள்விகள் கூடுதலாகக் கேட்டால் போதும்: தூக்கம் எப்படி? மனம் எப்படி? மாதவிடாய் எப்படி? கூடுதல் வேலைக்கு அவர்களுக்குப் பயிற்சியும் ஊக்கத்தொகை உயர்வும் தர வேண்டும். பிரிட்டன் அரசும் 40 வயதைத் தாண்டியோருக்கான வழக்கமான உடல் பரிசோதனையில் மாதவிடாய் நிற்பது பற்றிய கேள்விகளைச் சேர்ப்பதாக 2025 அக்டோபரில் அறிவித்தது. வீட்டு வாசல்வரை ஆள் அனுப்பும் நமக்கு அது இன்னும் எளிது.

சிதம்பரத்தில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்து இன்று அரசுக் கல்லூரியாக இயங்கும் மருத்துவமனையிலும், கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலும் மகளிர் நல மருத்துவரும் மனநல மருத்துவரும் ஒரே அறையில் அமரும் சிறப்புப் பிரிவு வாரம் ஒருநாள் நடக்க வேண்டும். மாவட்ட மனநலத் திட்டக் குழு சுய உதவிக் குழுக் கூட்டங்களுக்கு நேரில் சென்று பேச வேண்டும். மீன் இறங்குதளங்களிலும் சந்தைகளிலும் பெண்களுக்குப் பூட்டுள்ள, தண்ணீர் வரும் கழிப்பறை அமைவதும் மனநலத்துக்கான செலவுதான்.

குடும்பங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அம்மா காரணமின்றி அழுதால், இரவெல்லாம் விழித்திருந்தால், பிடித்தமான வேலையிலும் ஆர்வம் இழந்தால் இரண்டு வாரத்துக்கு மேல் காத்திருக்காதீர்கள். மருத்துவமனைக்கு உடன் செல்லுங்கள். “இருந்து என்ன பயன்” என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து வந்தால் அன்றே 14416 என்ற இலவச மனநல எண்ணை அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். அரசோ பதிவேட்டில் ஒரு பக்கத்தைக் கூட்டி, மூன்று கேள்விகளை இந்த ஆண்டே கேட்கத் தொடங்கட்டும்.