மனச்சோர்வும் நம் மௌனமும்

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா சாலை தமிழர்க்குப் புதியதன்று. பள்ளிவாசலின் பாங்கொலியும், துணிக்கடைகளின் வண்ணமும், நகைக்கடைகளின் ஒளியும், தீபாவளிக் காலத்துக் கூட்டமும் நாம் நன்கறிந்தவை. அச்சாலையின் நடைபாதை 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23ஆம் நாள் திடீரென உள்வாங்கியது. இந்தியாவிலிருந்து வந்திருந்த பெண்மணி ஒருவர் எட்டு மீட்டர் ஆழப் பள்ளத்தில் வீழ்ந்து மறைந்தார். ஒன்பது நாள் தேடியும் அவர் கிடைக்கவில்லை. முந்திய நாள்வரை ஆயிரக்கணக்கானோர் நடந்த பாதை அது. அடிமண் அரிக்கப்பட்டது மேலே நடந்த எவர் கண்ணுக்கும் புலப்படவில்லை.

அத்துயரத்தைப் பற்றிப் பேசாத தமிழர் இல்லை. பேசியது முறையே. ஆனால், அதே சாலையில் காலையில் கடையைத் திறந்து, வருவோரைப் புன்னகையோடு வரவேற்று, இரவில் வீடு திரும்பியபின் உறக்கமின்றிச் சுவரை வெறித்துக்கொண்டிருக்கும் மனிதரைப் பற்றி நாம் பேசுகிறோமா? உள்ளம் அரிக்கப்படுவதும் மேலே தெரிவதில்லை. தெரிந்தாலும் நாம் வாய் திறப்பதில்லை. இம்மௌனத்தைத்தான் இக்கட்டுரை எதிர்க்கிறது.

மனச்சோர்வு என்பது வெறுங்கவலையன்று. தேர்வில் தோற்றவன் சில நாள் வாடுவதும், உறவை இழந்தவள் கண்ணீர் விடுவதும் வாழ்வின் இயல்பு. அவ்வாட்டம் இரண்டு வாரங்களுக்கு மேலும் நீங்காமல், உறக்கமும் பசியும் குலைந்து, விரும்பிச் செய்த தொழிலிலும் ஈடுபாடு அற்று, தான் வாழத் தகுதியற்றவன் என்னும் எண்ணம் நெஞ்சில் ஊன்றிவிடுமானால் அது நோயின் அறிகுறி. நீரிழிவைப் போல, இரத்த அழுத்தத்தைப் போல மருத்துவரை நாட வேண்டிய நோய்.

இந்நோய் எங்கோ ஒருவர்க்கு வருவதாக எண்ணுவோர் கணக்கைப் பார்க்கட்டும். 2023ஆம் ஆண்டில் மலேசியாவில் எடுக்கப்பட்ட தேசியச் சுகாதார ஆய்வின்படி, 16 வயதும் அதற்கு மேலும் உடையோரில் 4.6 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழப் 10 இலட்சம் பேர், மனச்சோர்வுக்கு ஆளாகியுள்ளனர். 2019இல் வயது வந்தோரிடையே இது 2.3 விழுக்காடாக இருந்தது. பதின்ம வயதினரைப் பற்றிய 2022ஆம் ஆண்டு ஆய்வோ நால்வரில் ஒருவர் மனச்சோர்வை உணர்ந்ததாகக் கூறுகிறது. நாற்பது பேர் அமர்ந்திருக்கும் வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர் இக்கணக்கைத் தாமே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

இவர்களைச் சட்டம் எவ்வாறு நடத்தியது? வெள்ளையர் 1860இல் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்தை அடியொற்றி, நம் குற்றவியல் சட்டத்தின் 309ஆவது பிரிவு, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தவரைக் குற்றவாளி என்றது. ஓராண்டு வரை சிறை என்றது. சட்டத்தைத் தந்த இங்கிலாந்து 1961இலேயே தன் நாட்டில் அக்குற்றத்தை நீக்கிவிட்டது. இலங்கை 1998இலும், சிங்கப்பூர் 2020இலும் நீக்கின. மலேசிய மக்களவை 2023ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் அப்பிரிவை நீக்கும் மசோதாவை நிறைவேற்றியது. காலந்தாழ்ந்தாலும் சட்டம் திருந்திவிட்டது. நம் நாக்கு திருந்தியதா?

பேராக் மாநிலத்துத் தஞ்சோங் ரம்புத்தானில் 1911இல் நிறுவப்பட்ட மனநல மருத்துவமனைக்கு இன்று பஹாகியா என்று பெயர். மகிழ்ச்சி என்பது அச்சொல்லின் பொருள். நமக்கோ அவ்வூரின் பெயரே வசைச்சொல்லாகிவிட்டது. பாடம் புரியாத மாணவனை அவ்வூருக்கு அனுப்புகிறோம். பிடிக்காத உறவினரை அனுப்புகிறோம். மேடையில் கைதட்டல் வேண்டுமென்றால் எவரையேனும் அனுப்பிச் சிரிக்கிறோம். இச்சிரிப்பைக் கேட்டு வளரும் பிள்ளை, தன் உள்ளம் நோயுற்ற நாளில் யாரிடம் சொல்லும்? நோயைவிட நம் ஏளனத்துக்கன்றோ அது அஞ்சும்!

"நம் பாட்டன்மார் பால்மரக் காட்டில் படாத துன்பமா? அவர்களுக்கு இந்நோய் வந்ததா?" என்று சிலர் கேட்கலாம். வந்தது, பெயரில்லாமல் வந்தது. பேய் பிடித்தது என்றோம், செய்வினை என்றோம், குடித்தே அழிந்தான் என்றோம். பெயரிடாததனால் நோய் இல்லாமற் போய்விடவில்லை.

"வெளிப்படையாகப் பேசினால் இளையோர் மனத்தில் தீய எண்ணத்தை நாமே விதைத்துவிட மாட்டோமா?" என்று அஞ்சுவோரும் உளர். ஒருவரிடம் பரிவோடு கேட்பதனால் அவ்வெண்ணம் தோன்றுவதில்லை. மாறாக, அடக்கி வைத்ததைச் சொல்ல அவருக்கு வழி பிறக்கிறது என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

"இறைவனிடம் விட்டுவிட்டால் போதாதா?" என்பது மூன்றாவது வினா. வழிபாடு நெஞ்சுக்கு ஆறுதல். அதை எவரும் மறுக்கவில்லை. ஆனால், ஆறுதல் மருத்துவத்துக்கு மாற்றாகாது. தமிழ்நாட்டில் ஏர்வாடியில் 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் தனியார் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தப்ப வழியின்றி மாண்டனர். அவர்களைப் பிணைத்தது இரும்பு மட்டுமன்று. நோயை மறைக்க விரும்பிய சமுதாயத்தின் வெட்கமும் அவர்களைப் பிணைத்திருந்தது.

தமிழாசிரியர் கையில் திருக்குறள் இருக்கிறது. சோர்ந்தவனைக் கண்டதும் 'இடுக்கண் அழியாமை' அதிகாரத்தை எடுத்து நீட்டுவது நம் வழக்கம். அது துணிவுடையோர்க்கு ஊக்கம். நோயாளிக்கோ, தான் கோழை என்பதற்கு மற்றொரு சான்றாகிவிடக்கூடும். அதே வள்ளுவர் 'மருந்து' என்றோர் அதிகாரமும் வகுத்திருப்பதை ஏன் மறந்தோம்? நோயையும் அதன் காரணத்தையும் ஆராயச் சொன்னவர் அவர். மருத்துவத்தை நான்கு கூறாக்கி, நோயுற்றவன், மருத்துவன், மருந்து ஆகிய மூன்றோடு, உடனிருந்து பேணுபவனையும் நான்காவதாகச் சேர்த்தவரும் அவரே.

மருத்துவர் இந்நாட்டில் இருக்கின்றனர். அரசாங்கக் கிளினிக்குகளில் தொடங்கி, மனநல மருத்துவர் வரை செல்ல வழி உண்டு. மருந்தும் உண்டு, அதன் பயன் தெரியச் சில வாரங்கள் ஆகலாம் என்பதால் பொறுமையும் வேண்டும். உள்ளத்தைத் திறந்து பேச 1970 முதல் பிஃபிரெண்டர்ஸ் அமைப்பு இயங்குகிறது; 2022இல் சுகாதார அமைச்சு 15555 என்னும் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. குறைவாயிருப்பது நான்காவது கூறு. அது நாம்தான்.

ஆகவே, ஆசிரியப் பெருமக்களே, வகுப்பில் 'பைத்தியம்' என்னும் சொல் ஏளனமாக ஒலிக்கும்போது கேளாதவர்போல் இராதீர்கள். கடைசி வரிசையில் திடீரென அமைதியாகிவிட்ட மாணவனைச் சோம்பேறி என்று முடிவு கட்டுமுன், "என்னப்பா, உறங்கினாயா? சாப்பிட்டாயா?" என்று தனியே கேளுங்கள். அவன் சொல்வதைக் கேட்டு, தக்கவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மாணவச் செல்வங்களே, தோழன் ஒருவன் தன் துயரைச் சொன்னால் அதனை வேடிக்கைக் கதையாக்காதீர்கள்; மூத்தவர் ஒருவரிடம் சொல்லத் துணை செல்லுங்கள். எழுத்தாளர்களே, நம் கதைகளில் மனநோயாளி இனியும் சிரிப்பு மூட்டவோ அச்சமூட்டவோ மட்டும் வரவேண்டாம். மருந்துண்டு, வேலைக்குச் சென்று, பிள்ளைகளை வளர்த்து வாழும் மனிதராகவும் அவர் வரட்டும்.

சட்டம் விடுவித்தவரை நம் சொல் இன்னும் சிறையில் வைத்திருக்கிறது. அச்சிறையைத் திறக்க நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. நாம் வாய் திறந்தால் போதும்.