நீர்ப்பிரமிக்கும் கரையுண்டு: செய்யூர் வட்ட மக்களின் கோரிக்கைச் சாசனம்

ஏரியோரச் சேற்றில் படர்ந்து வளர்வது நீர்ப்பிரமி. தடித்த சிறு இலை, வெளிர்நீலம் ஓடிய வெள்ளைப் பூ, கணுவுக்குக் கணு வேர். நினைவாற்றலுக்கு மருந்தாகும் இந்த மூலிகைக்கு ஆழ்ந்த நீரும் ஆகாது, காய்ந்த மண்ணும் ஆகாது. ஈரம் காயாத கரையோரம் வேண்டும். அந்தக் கரையோரமும் ஏரிதான். அதைக் காக்கச் சட்டங்கள் இருக்கின்றன. அவற்றை நடைமுறைப்படுத்தக் கோருகிறோம்.

1. எல்லைக்கல் நட வேண்டும். ஏரிகளை அளக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. தண்ணீர் வற்றியதும் முதலில் பறிபோவது கரையோரம். ஏரி நிரம்பினால் நீர் நிற்கும் இடம்வரை அளந்து கல் நடுங்கள்.

2. தூர்வாரும்போது சரிவை விட வேண்டும். பாசனத்துக்குத் தூர்வாருவது அவசியம். ஆனால் பொக்லைன் ஓரத்தைச் செங்குத்தாக வெட்டினால் வேரூன்ற இடமில்லை. ஒரு பக்கமாவது சரிவான சேற்றோரம் விடுவதை மதிப்பீட்டிலேயே எழுதுங்கள். ஒப்பந்தம் போட்டபின் திருத்த முடியாது.

3. கழிவுநீரைத் தடுக்க வேண்டும். காட்மியம், ஈயம் போன்ற உலோகங்களை நீர்ப்பிரமி உறிஞ்சிச் சேர்த்துக்கொள்ளும். சாக்கடை கலந்த இடத்தில் பறித்தது மருந்தாகாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீரையும் சேற்றையும் ஆண்டுதோறும் சோதித்து, முடிவுகளை ஊராட்சி அலுவலகத்தில் தமிழில் ஒட்ட வேண்டும்.

4. கடலோர வரைபடத்தைக் காட்ட வேண்டும். 2019 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை உவர்ச் சதுப்பையும் சேற்றுத் திட்டையும் உயர் பாதுகாப்பில் வைத்திருக்கிறது. ஒடியூர் காயலோரத்தில் அவை எந்தெந்த சர்வே எண்களில் உள்ளன என்பது ஊருக்குத் தெரிய வேண்டும். 4,000 மெகாவாட் அனல்மின் திட்டத்துக்குக் குறிக்கப்பட்ட வட்டம் இது. அடுத்த திட்டம் வந்தபின் வரைபடம் தேட முடியாது.

5. பறிப்பவர் உரிமையைப் பதிய வேண்டும். 2002 பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சிக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு உண்டு. நீர்ப்பிரமி வளரும் இடங்களையும், வேரை விட்டு நுனி கிள்ளும் முறையையும் அதில் சேருங்கள். வெளி வியாபாரி வேரோடு அள்ளிப்போனபின் பதிவேட்டால் பயனில்லை.

ஒவ்வொரு கோரிக்கைக்கும் பொறுப்பு அதிகாரி யார், எந்தத் தேதிக்குள் முடியும் என்று மாவட்ட ஆட்சியர் எழுத்தில் அறிவிக்க வேண்டும். அக்டோபர் 2 கிராம சபையில் அது வாசிக்கப்பட வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் அளக்கவும் முடியாது, வெட்டிய கரையைச் சரிவாக்கவும் முடியாது. மழைக்கு முன் வேலை தொடங்கட்டும்.