கடலுக்குப் போகும் வழியைப் பொதுப்பணத்தில் வாங்குங்கள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் நீலாங்கரையிலிருந்து கோவளம் நோக்கிப் போகிறவருக்கு இடப்பக்கம் கடல்தான். ஆனால் கண்ணில் படுவது சுற்றுச்சுவர், இரும்புக் கேட், காவலாளி நாற்காலி, மறுபடியும் சுற்றுச்சுவர். அலையடிக்கும் மணல் பெரும்பாலும் அரசுப் புறம்போக்கு. யாருக்கும் பட்டா இல்லை. அந்த மணலுக்குப் போகும் சந்துதான் பறிபோகிறது. கரையோர நிலத்தைப் பொதுப்பணம் கொடுத்து வாங்கிப் பாதுகாக்க வேண்டுமா என்று எங்கள் அமைப்பிடம் கேட்கிறார்கள். வாங்கத்தான் வேண்டும். எதை வாங்குவது, எதைத் தொடவே கூடாது என்பதில் எங்களுக்கு உறுதியான கருத்து உண்டு.

விதிகளே போதும் என்பவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்கிறோம். கடற்கரை ஒழுங்காற்று மண்டல அறிவிக்கை 1991 இலேயே வந்துவிட்டது. இரண்டு கடற்கரை விடுதிகளுக்கு நடுவே பொதுமக்கள் கடலுக்குப் போக 20 மீட்டர் அகல இடைவெளி வேண்டும் என்றது அது. ஆனால் அந்த வரி விடுதிகளைப் பற்றித்தான் பேசியது. வரிசையாக எழுந்த பங்களாக்களையும் மனைப்பிரிவுகளையும் அது கட்டுப்படுத்தவில்லை. 2019 அறிவிக்கையோ மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகக் கரைகளில், கட்டுமானம் கூடாத பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருக்கியது. அறிவிக்கையை இன்னோர் அறிவிக்கை மாற்றிவிடும். ஊராட்சியின் பெயரில் பத்திரம் பதிவான பாதையை அவ்வளவு எளிதில் மாற்ற முடியாது. நாங்கள் நிலத்தையே கேட்பது அதனால்தான்.

1975 இல் பிரான்ஸ் கரையோர நிலங்களை வாங்குவதற்கென்றே ஓர் அரசு நிறுவனத்தைத் தொடங்கியது. வாங்கிய நிலத்தை அது எளிதில் விற்க முடியாது. மறு ஆண்டே வந்த சட்டம், கரையை ஒட்டிய தனியார் நிலங்களின் ஓரமாக 3 மீட்டர் நடைவழிக்கு உரிமை கொடுத்தது. நிலத்தை வாங்குவதும் வழிக்கு உரிமை பெறுவதும் அங்கே சேர்ந்தே நடந்தன. இங்கேயும் அப்படித்தான் நடக்க வேண்டும்.

கடற்கரை ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. ஐப்பசி கார்த்திகையில் கடல் மணலை அரித்துக்கொண்டு உள்ளே வரும். காற்று அடங்கியபின் மெல்லத் திருப்பிப் போடும். அரிக்கும் மாதங்களில் படகை மேட்டுக்கு இழுத்துவைக்க மீனவருக்கு இடம் வேண்டும். கரைவலை இழுக்க நீளமான, தடையற்ற கரை வேண்டும். பங்குனி ஆமை முட்டையிட மணல்மேடு வேண்டும். அடும்பங்கொடி படர்ந்த மேட்டைச் சமப்படுத்திச் சுவர் எழுப்பினால், கடல் உள்ளே வரும்போது மணல் ஒதுங்க இடமே இருக்காது. மேட்டையும் அதன் பின்னாலுள்ள வெற்றிடத்தையும் வாங்குவது ஆடம்பரச் செலவு என்று எங்களால் நினைக்க முடியவில்லை.

எங்கள் கோரிக்கை நில ஆவணத்திலிருந்து தொடங்குகிறது. கரையோரக் கிராமங்களின் பழைய புலப்படங்களை எடுத்துப் பாருங்கள். வண்டிப்பாதை, நடைபாதை என்று குறித்த புறம்போக்குகள் எத்தனை கேட்டுகளுக்குள் போய்விட்டன என்பதைச் சர்வே எண்ணோடு வெளியிடுங்கள். ஏற்கெனவே நமக்குச் சொந்தமானதற்கு ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம், மீட்டால் போதும். அடுத்தது திறந்தவெளி ஒதுக்கீடு. பெரிய மனைப்பிரிவுகள் 10 விழுக்காடு நிலத்தைத் தானப் பத்திரமாக உள்ளாட்சிக்குக் கொடுக்க வேண்டும் என்பது நடைமுறை. கடலோர மனைப்பிரிவுகளில் அந்தப் பங்கு சாலையிலிருந்து மணல்வரை நீளும் பாதையாகவே அமைய வேண்டும். உள்ளே எங்கோ ஒரு மூலையில் யாரும் நுழையாத பூங்காவாக ஒதுக்குவதை நாங்கள் ஏற்கவில்லை. இவை இரண்டும் கைகூடாத இடங்களில், விற்க முன்வருபவரிடமிருந்து சந்தை விலைக்கு வாங்குங்கள். கட்டாயக் கையகப்படுத்தல் கடைசி வழியாக இருக்கட்டும்.

மீனவர் குப்பங்களுக்கு அந்தக் கடைசி வழியும் பொருந்தாது. இதில் எங்களிடம் விட்டுக்கொடுப்பு இல்லை. 'பொதுவெளி' என்ற சொல்லைக் கேட்டாலே குப்பத்து மக்கள் ஏன் பதறுகிறார்கள் என்பதைக் கொள்கை வகுப்போர் அறிந்திருக்க வேண்டும். 1985 இல் மெரினாவை அழகுபடுத்தப் படகுகளையும் வலைகளையும் அப்புறப்படுத்தப் போய், அது துப்பாக்கிச்சூட்டில் முடிந்தது. சுனாமிக்குப் பின் 2005 இல், கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்களுக்கு உள்ளே தள்ளி வீடு தருவதாகச் சொன்ன அரசு, பதிலுக்குப் பழைய மனையை ஒப்படைக்கச் சொன்னது. நகரத்தார் மாலையில் காற்று வாங்க வரும் மணலில்தான் காலையில் ஒருவர் வலை உலர்த்துகிறார். அவரை அகற்றிவிட்டு உருவாக்கும் திறந்தவெளியை எங்கள் அமைப்பு எதிர்க்கும்.

அதனால் வாங்கும் ஒவ்வொரு நிலத்தின் பத்திரத்திலும் இரண்டு நிபந்தனைகள் எழுதப்பட வேண்டும். விற்கவோ குத்தகைக்கு விடவோ கூடாது என்பது ஒன்று. படகு நிறுத்தவும் மீன், வலை உலர்த்தவும் அந்தந்தக் குப்பத்துக்கு உள்ள வழக்குரிமை தொடரும் என்பது மற்றொன்று. பராமரிப்புக் குழுவில் ஊர்ப் பஞ்சாயத்தும் மீன் விற்கும் பெண்களும் இருக்க வேண்டும். கூடையைத் தலையில் சுமந்து அந்தச் சந்தில் தினமும் நடப்பவர்கள் அவர்கள்தான். பாதை எங்கே, எத்தனை அடி அகலத்தில் வேண்டும் என்பதை முதலில் அவர்களிடம் கேட்டுவிட்டு அளவைக்கல் நடுங்கள்.