வலி பெண்ணின் தலைவிதி அல்ல

மாதவிலக்கு நாட்களில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழும் பெண்ணுக்கு வீட்டிலே கிடைக்கும் பதில் என்ன? "எல்லோருக்கும் உள்ளதுதான், பொறுத்துக்கொள்." வேலை செய்யும் இடத்தில் கிடைப்பது சம்பள வெட்டு. ஆஸ்பத்திரியில் கிடைப்பது ஒரு வலி மாத்திரை.

இந்த வலிக்குப் பின்னே பல சமயங்களில் எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோய் மறைந்திருக்கிறது. கர்ப்பப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு, சூல்பையிலும் குடல் மீதும் ஒட்டி வளர்வதே இந்நோய். பலருக்கு இதனால் பிள்ளைப்பேறும் தடைப்படுகிறது. பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் சுமார் 10 சதவிகிதம், அதாவது 19 கோடிப் பேர், இதற்கு ஆளாகியுள்ளனர் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீடு. பிரிட்டனில் நோய் இன்னதென்று கண்டறியச் சராசரி 8 ஆண்டுகள் ஆவதாக அந்நாட்டுப் பார்லிமெண்ட் உறுப்பினர் குழு ஒன்று 2020-ல் அறிவித்தது. பணமும் ஆஸ்பத்திரிகளும் உள்ள நாட்டின் கதி இது!

நோய் ஏன் வருகிறது? 1940-களில் மெய்க்ஸ் என்ற அமெரிக்க டாக்டர், வசதியுள்ள பெண்கள் கல்யாணத்தையும் பிள்ளைப்பேற்றையும் தள்ளிப்போடுவதே காரணம் என்றார். வயிற்றைத் திறந்து பார்த்தால்தான் நோய் தெரிந்த காலம் அது. ஆபரேஷன் மேஜை வரை வர முடியாத ஏழைப் பெண்ணின் நோய் எந்தக் கணக்கில் ஏறியிருக்கும்? பழியைப் பெண் மீது போடுவது ஒரு பக்கம். "தாய்க்கு இருந்தது, மகளுக்கும் வந்தது" என்று கைவிரிப்பது மறுபக்கம். இரண்டும் தவறு என்று விஞ்ஞானம் காட்டுகிறது.

மாதவிலக்கு ரத்தத்தில் ஒரு பகுதி பின்னோக்கிப் பாய்ந்து வயிற்றுக்குள் செல்வதே இந்நோய்க்கு மூலம் என்று 1927-ல் ஸாம்ப்ஸன் கூறினார். ஆனால் இது பெரும்பாலான பெண்களுக்கு நேர்கிறது. நோயோ பத்தில் ஒருவருக்குத்தான் வருகிறது. எனவே வேறு காரணங்களும் வேலை செய்ய வேண்டும்.

ஆஸ்திரேலியாவிலும் ஸ்வீடனிலும் இரட்டைப் பிறவிகளை வைத்து நடந்த ஆராய்ச்சிகளின்படி, பெண்ணுக்குப் பெண் இந்த அபாயத்தில் காணும் வேற்றுமையில் சுமார் பாதிக்குப் பரம்பரை காரணம். 2023-ல் வெளியான ஆராய்ச்சி ஒன்று, நோயுற்ற 60 ஆயிரம் பெண்களையும் நோயற்ற 7 லட்சம் பேரையும் ஒப்பிட்டு, ஜீன்கள் அமைந்த 42 இடங்களை இந்நோயுடன் தொடர்புபடுத்தியது. ஒவ்வொன்றும் அபாயத்தைச் சிறிதளவே கூட்டுகிறது. விதை எதுவாயினும் விளைச்சலில் நிலத்துக்கும் நீருக்கும் பங்கு உண்டல்லவா?

அந்த நிலமும் நீரும் எவை? சிறு வயதிலேயே பூப்படைதல், குறுகிய இடைவெளியில் மாதவிலக்கு வருதல், உணவு, ரசாயனங்கள் முதலியன ஆராயப்பட்டுள்ளன. அமெரிக்காவில் 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நர்ஸுகளைத் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சி 2010-ல் வெளிவந்தது. டிரான்ஸ் கொழுப்பை மிக அதிகமாக உண்டோருக்கு, மிகக் குறைவாக உண்டோரைவிட அபாயம் 48 சதவிகிதம் அதிகம். மீனில் உள்ள ஒமேகா-3 கொழுப்பை அதிகம் உண்டோருக்குக் குறைவு. இது தொடர்புதான், முடிவான நிரூபணமல்ல. ஆனால் இந்தக் கொழுப்பு நம் நாட்டில் வனஸ்பதி டப்பாவில் விற்றது. எண்ணெயிலும் கொழுப்பிலும் அது 2 சதவிகிதத்தைத் தாண்டக்கூடாது என்ற கட்டுப்பாடு 2022-ல்தான் வந்தது. மலிவான பலகாரத்தைத் தின்ற உழைப்பாளிப் பெண் அதையா 'தேர்ந்தெடுத்தாள்'?

டி.இ.எஸ். மருந்தின் கதை இன்னும் கொடியது. கரு கலையாமல் தடுக்குமென்று அமெரிக்காவில் கர்ப்பிணிகளுக்கு இதைக் கொடுத்தார்கள். பயனில்லை என்று 1953-லேயே சிகாகோ ஆராய்ச்சி காட்டிற்று. விற்பனையோ நிற்கவில்லை. அம்மருந்தால் மகள்களுக்குப் புற்றுநோய் வருவது வெளிப்பட்ட பிறகு, 1971-ல்தான் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்றார்கள். தாயின் வயிற்றிலேயே அம்மருந்துக்கு ஆளான மகள்களுக்கு எண்டோமெட்ரியோசிஸ் அபாயமும் அதிகம் என்பது 2004-ல் தெரிந்தது. இதை ஒரு பெண்ணின் 'வாழ்க்கை முறை' என்பதா? லாபத்தின் முறை என்பதே பொருத்தம்.

ஆகவே "நல்ல உணவு உண், கவலைப்படாதே" என்ற உபதேசம் போதாது. பரம்பரையை மாற்ற முடியாது. மாற்றக்கூடியவற்றில் பெரும்பகுதி தனி மனுஷியின் கையில் இல்லை. ஸ்பெயின் 2023-ல் கடும் மாதவிலக்கு வலிக்குச் சர்க்கார் செலவில் சம்பளத்துடன் லீவு தரச் சட்டம் இயற்றியது. செய்ய முடியும் என்பதற்கு அது அத்தாட்சி.

நாம் கோருவது இதுதான்: சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இந்நோயைக் கண்டறியும் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். பள்ளி மாணவிகளுக்கு இதைப்பற்றிச் சொல்லித்தர வேண்டும். வலியால் விடுப்பெடுக்கும் பெண்ணின் கூலியை வெட்டக்கூடாது. உணவிலும் மருந்திலும் கம்பெனிகள் எதைக் கலக்கின்றன என்று கண்காணிக்க வேண்டும்.

தாய்மார்களே, சகோதரிகளே! மகள் வலி என்று சொன்னால் நம்புங்கள். டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள். பொறுத்துக்கொண்டது போதும், கேட்டுப் பெறுவோம்.