நாள் கணக்கை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்



நாங்கள் கிராம சுகாதார செவிலியர்களாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். தடுப்பூசிப் பெட்டியும் பதிவேடுமாக உங்கள் தெருக்களில் நடந்தவர்கள். “நாள் பாத்துத்தான் சிஸ்டர் இருந்தோம், எப்படி நின்னுச்சுன்னே தெரியல” என்ற பேச்சைக் கேட்காதவர் எங்களில் ஒருவரும் இல்லை. அதைச் சொல்லும்போது அந்தப் பெண்களின் முகம் எப்படி இருக்கும் என்பதும் எங்களுக்குத் தெரியும். மடியில் ஒரு கைக்குழந்தை இருக்கும். பின்னால் மாமியார் நிற்பார். கணவர் வேலைக்குப் போயிருப்பார்.

மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை, காப்பர்-டி என்றால் பயம், உடம்புக்குள் எதையும் வைக்கப் பிடிக்கவில்லை என்று இயற்கை முறையைத் தேடுகிறவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. உங்கள் உடம்பு, உங்கள் முடிவு. ஆனால் நீங்கள் நம்பியிருக்கும் கணக்கு எவ்வளவு தூரம் தாங்கும் என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

விலக்கான நாளிலிருந்து முதல் ஒரு வாரம் பயமில்லை, இருபதாம் நாளுக்கு மேலும் பயமில்லை: ஊரில் புழங்கும் கணக்கு இதுதான். 28 நாளுக்கு ஒருமுறை தவறாமல் விலக்காகும் பெண்ணுக்கு இது ஓரளவு சரியாக வரும். கருமுட்டை வெளிவருவது அடுத்த விலக்குக்கு ஏறத்தாழ 14 நாள் முன்பு. அது 12 முதல் 24 மணி நேரம்தான் உயிரோடு இருக்கும். விந்தணுவோ பெண்ணின் உடலுக்குள் 5 நாள் வரை தாக்குப்பிடிக்கும். இப்போது 35 நாளுக்கு ஒருமுறை விலக்காகும் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அவளுக்குக் கருமுட்டை வருவதே 21ஆம் நாள் வாக்கில். பயமில்லை என்று அவள் நினைக்கும் அதே நாளில். 23 நாளில் விலக்காகிறவளுக்கு 9ஆம் நாளே வந்துவிடும். ஆறாம், ஏழாம் நாள் சேர்ந்திருந்தாலும் கரு நிற்கலாம். அடுத்த விலக்கு எப்போது என்று முன்கூட்டியே யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரு காய்ச்சல், இரவுப் பணி, மனக்கவலை, நீர்க்கட்டி, தைராய்டு என ஏதாவது ஒன்று போதும், கணக்கு மாறிவிடும். செல்போன் செயலி காட்டும் தேதியும் போன மாதங்களை வைத்துப் போட்ட கணக்குதானே?

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் விவரத்தைப் பாருங்கள். காலண்டர் கணக்கை நம்பும் 100 பெண்களில் ஒரே வருடத்தில் ஏறத்தாழ 15 பேர் கருவுறுகிறார்கள். கடைசி நேரத்தில் கணவர் விலகிக்கொள்ளும் முறையில் 20 பேர். காப்பர்-டி போட்டவர்களில் ஒருவருக்கும் குறைவு.

முறையாகக் கற்றுக்கொண்டால் பலன் கூடும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம். சுழற்சி எப்போதும் 26 முதல் 32 நாளுக்குள் வருகிறவர்கள் 8ஆம் நாள் முதல் 19ஆம் நாள் வரை விலகியிருக்கும் முறை ஒன்று உண்டு. தவறாமல் கடைப்பிடித்தால் 100 பேரில் 5 பேர் கருவுறுவார்கள்; நடைமுறையில் 12 பேர். தினமும் காலையில் படுக்கையை விட்டு எழும் முன் உடல் வெப்பத்தைக் குறித்து, வெள்ளை படுவது முட்டையின் வெள்ளைக்கரு போல வழுவழுப்பாக, இழுத்தால் நீளும்படி மாறுகிறதா என்றும் சேர்த்துக் கவனிக்கும் முறை இன்னும் நம்பகமானது. ஆனால் அதைப் பயிற்சி பெற்றவரிடம் உட்கார்ந்து கற்க வேண்டும், மாதக்கணக்கில் குறித்துப் பழக வேண்டும். விடிவதற்குள் எழுந்து தண்ணீர் பிடிக்க ஓடும் நம் வீடுகளில் இது எத்தனை பேருக்கு முடியும் என்று நீங்களே சொல்லுங்கள்.

இது நம் நாட்டில் சோதித்துப் பார்க்கப்படாத விஷயமும் அல்ல. 1950களின் தொடக்கத்தில், ராஜ்குமாரி அம்ரித் கௌர் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது, டெல்லியிலும் அன்றைய மைசூர் மாநிலத்து ராமநகரத்திலும் பெண்களுக்குப் பச்சையும் சிவப்புமாக மணி கோத்த மாலைகளைக் கொடுத்தார்கள். தினம் ஒரு மணியைத் தள்ள வேண்டும்; சிவப்பு வந்தால் விலகியிருக்க வேண்டும். இருட்டில் நிறம் தெரியவில்லை என்று பிறகு மணியின் வடிவத்தையே மாற்ற வேண்டியிருந்தது. குறையை அந்தப் பெண்கள் மேல் போட்டுப் பயனில்லை. விளக்கில்லாத வீட்டை மனதில் வைக்காமல் மாலையைக் கோத்தவர்கள்தான் யோசித்திருக்க வேண்டும்.

“பால் குடிக்கிற பிள்ளை இருக்கும்போது உண்டாகாது” என்று பாட்டிமார் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்றும் ஒருசேர இருக்க வேண்டும்: குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்திருக்கக் கூடாது, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும், விலக்கு திரும்பியிருக்கக் கூடாது. புட்டிப்பாலோ மாவோ தொடங்கிவிட்டால் அந்தப் பாதுகாப்பு போயிற்று. முதல் விலக்கு வரும் முன்பே கருமுட்டை வெளிவந்துவிடும் என்பதால், விலக்கே காணாமல் அடுத்த குழந்தை உண்டானவர்களும் இருக்கிறார்கள். பப்பாளி, அன்னாசி, எள்ளுருண்டை எதுவும் கருத்தடை ஆகாது.

கணவன்மார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நாள் பார்ப்பவள் அவள். அந்த நாளில் விலகி நிற்க வேண்டியவர் நீங்கள். வேண்டாம் என்று சொல்லும் உரிமை இல்லாத வீட்டில் எந்தக் காலண்டரும் வேலை செய்யாது. ஆபத்தான நாளில் ஆணுறையாவது பயன்படுத்துங்கள். குழந்தை போதும் என்று முடிவாகிவிட்டால், ஆண்களுக்கான தழும்பில்லாக் கருத்தடை சில நிமிட வேலை. பெண்ணின் வயிற்றைக் கிழிப்பதைவிட எளிது. ஆனாலும் தமிழ்நாட்டில் அதைச் செய்துகொள்ளும் ஆண்கள் ஒரு சதவீதம்கூட இல்லை.

ஹார்மோன் வேண்டாம் என்பதுதான் தயக்கம் என்றால் அதற்கும் வழி உண்டு. காப்பர்-டியில் ஹார்மோன் கிடையாது. பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளேயே போட்டுக்கொள்ளலாம். லக்னோவில் நம் விஞ்ஞானிகள் கண்டுபிடித்த ‘சாயா’ மாத்திரையிலும் ஹார்மோன் இல்லை. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. பால் கொடுப்பவர்களும் சாப்பிடலாம். அரசு சுகாதார நிலையங்களில் இவை இலவசம்.

கணக்கு தப்பி நாள் தள்ளிப்போனால் காத்திருக்காமல் பரிசோதித்துப் பாருங்கள். மெடிக்கலில் கருக்கலைப்பு மாத்திரையை ஆளனுப்பி வாங்கி விழுங்காதீர்கள். கரு குழாயில் தங்கியிருந்தால் உயிருக்கே ஆபத்து. கருத்தடை தவறிய காரணத்துக்காக 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தோடு கலைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. 2021 திருத்தத்துக்குப் பிறகு இது மணமாகாத பெண்களுக்கும் பொருந்தும். 18 வயது நிறைந்தவருக்கு அவர் சம்மதம் மட்டும் போதும், கணவர் கையெழுத்து சட்டப்படி தேவையில்லை. மருத்துவமனையில் கேட்டால் இதைச் சொல்லுங்கள். விவரம் வேண்டுமானால் 104க்கு அழையுங்கள், அல்லது உங்கள் ஊர் செவிலியரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்கள்