வாங்குக்குப் பிறகு

நோன்பு காலத்தில் கல்முனைக்குடியில் ஒரு தேத்தண்ணிக் கடையோரம் நின்று பாருங்கள். மஃரிப் வாங்கு கேட்டதும் பேரீத்தம்பழம், கஞ்சி. கோப்பையை வைக்குமுன்னே சிலரின் கை சட்டைப்பையில் சிகரட்டைத் தேடும். 13 மணிநேரம் புகையில்லாமல் இருந்தவர்தான் அவர். 12 மணிநேரத்திலேயே இரத்தத்தில் காபனோரொட்சைட்டு இயல்புக்கு இறங்கிவிடும். பாதிக் கிணறு தாண்டியவரை, "உன்னால ஏலாது" என்று நக்கலடித்துத் திரும்ப உள்ளே தள்ளுவது நாம்தான். அதைவிட, "காக்கா, இன்னொரு பிளேன்டி குடிங்க, தராவீஹுக்குப் போவம்" என்று சொல்லிப் பாருங்கள். புகையை நிறுத்தும்போது முதல் சில நாட்கள்தான் மிகக் கடினம். தடுமாறி மறுபடி பற்றவைத்தாலும் ஏசாதீர்கள். 1948 என்ற தொலைபேசி இலக்கத்தை அழைத்தால் புகையை நிறுத்த ஆலோசனை கிடைக்கும். அந்த இலக்கத்தை நீங்களே அழுத்திக் கொடுங்கள்.