நடையைத் திரும்பப் பெறுவோர்

பாப்பாரப்பட்டிக்கு வெளியூர்க்காரர்கள் போவதென்றால் பெரும்பாலும் ஒரே காரணத்தை முன்னிட்டுத்தான் போவார்கள். தியாகி சுப்பிரமணிய சிவா தம் கடைசி நாட்களைக் கழித்து, 1925-ம் வருஷம் ஜூலை மாதம் 23-ந் தேதி கண்மூடியது அந்த ஊரில்தான். சிறைவாசத்தில் பற்றிய குஷ்டநோயைக் காரணம் காட்டி அவரை ரயிலில் ஏறவொட்டாமல் சர்க்கார் தடுத்தபோது, கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகச் சென்று அவர் பிரசங்கம் செய்தார். உடம்பெல்லாம் ரணமாயிருந்தும் அவர் கைவிடாத சொத்து ஒன்று உண்டென்றால் அது நடைதான்.

அந்த நினைவிடத்தைத் தரிசித்துவிட்டுத் திரும்புகையில், ஒரு வீட்டுத் திண்ணையில் சற்றே இளைப்பாறினோம். உள்ளிருந்து ஒரு மூதாட்டி கம்பை ஊன்றிக்கொண்டு வந்தாள். வலது கால் இடது காலைவிட ஒரு விரற்கடை குட்டையாகத் தெரிந்தது. பாதம் வெளிப்புறமாகத் திரும்பியிருந்தது. ஆறு மாதத்துக்கு முன் குளியலறை வாசற்படியில் வழுக்கி விழுந்தாளாம். கட்டுப் போட்டுப் பார்த்தார்களாம். வலி குறையவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போகவில்லையா, பாட்டி?" என்று கேட்டோம்.

"எனக்கு எழுபத்தெட்டு வயசாச்சு சாமி. இனி நடந்து எந்த ஊருக்குப் போகப் போறேன்?" என்றாள்.

பக்கத்தில் நின்ற பேரன், "பாட்டிக்கு ஆபரேஷன் தாங்காதுன்னு எல்லாரும் சொல்லிட்டாங்க, ஐயா" என்றான்.

'எல்லாரும்' என்பதில் எந்த வைத்தியரும் அடங்கவில்லை என்பது சற்று நேரத்தில் தெரிந்தது. சொந்தக்காரர்களும் அண்டை வீட்டாருமே அந்த எல்லாரும்! 'வயதாகிவிட்டது' என்ற ஒரே சொல்லால் தமிழ்நாட்டில் எத்தனை பாட்டிமார் கட்டிலோடு கட்டப்பட்டிருக்கிறார்கள் என்று எண்ணியபோது, இந்த வாரம் எழுத வேண்டியது இதுவே என்று தோன்றிற்று.

இடுப்பு மூட்டு என்பது ஒரு கிண்ணமும் அதனுள் சுழலும் ஒரு பந்தும் சேர்ந்த அமைப்பு. தொடை எலும்பின் தலையே பந்து. அதற்குக் கீழே கழுத்துப்போல் ஒடுங்கிய ஒரு பாகம் உண்டு. முதியோர் விழுந்தால் முறிவது பெரும்பாலும் அந்தப் பிரதேசத்தில்தான். கழுத்து முறிந்தால் தலைக்குப் போகும் சிறு ரத்தக் குழாய்களும் அறுந்துபோகின்றன. ரத்தம் போகாத எலும்பு எப்படி ஒட்டும்? கை முறிவுக்கும் கால் முறிவுக்கும் கட்டுப் போடுவோரின் திறமையை நாம் குறை கூறவில்லை. ஆனால் இந்த முறிவு கட்டுக்கு அடங்குவதன்று. இடுப்பு முறிந்து படுத்துவிட்ட முதியோரில் ஐந்தில் ஒருவருக்குக் குறையாமல் ஒரு வருஷத்துக்குள் இறந்துபோகிறார்கள் என்பது உலகெங்கும் கண்ட அனுபவம். கொல்வது முறிவு மட்டுமன்று. படுக்கைப் புண்ணும், நுரையீரலில் கட்டும் சளியும், காலில் உறையும் ரத்தமும் சேர்ந்து கொல்கின்றன. ஆகையால்தான் கூடுமானால் இரண்டு நாளைக்குள் ரண சிகிச்சை செய்து எழுப்பி நிறுத்திவிட வேண்டுமென்று வைத்தியர்கள் துடிக்கிறார்கள்.

பழுதான பந்தை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கலாமே என்ற யோசனை புதிதன்று. பெர்லின் நகரத்தில் தெமிஸ்டோக்ளிஸ் க்ளக் என்பவர் 1891-ம் வருஷத்திலேயே யானைத் தந்தத்தால் செய்து பார்த்தார். நிலைத்த வெற்றி இங்கிலாந்தில் ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியில் ஜான் சார்ன்லிக்கு 1962-ல் கிட்டியது. சிறிய உலோகப் பந்து, பாலிதீன் கிண்ணம், இரண்டையும் எலும்போடு பதிக்க ஒருவகைச் சிமெண்டு: இதுவே அவர் முறை. இன்று நடப்பவை பெரும்பாலும் அதன் வழிவந்தவையே.

நம்மவர் பலர் பிழைக்கப் போன பர்மாவில், மாண்டலே ஆஸ்பத்திரியில், டாக்டர் சான் பா என்பவர் 1960-ல் தந்தத்தால் செய்த பந்தையே வைத்தார். முதலில் அதைப் பெற்றவர் ஒரு பௌத்த பிக்ஷுணி, வயது 83! அதன் பின் முந்நூறு பேருக்கு மேல் அவர் அவ்வாறு செய்தார். வயது தடையென்று சொல்வோர் அந்த பிக்ஷுணியை நினைத்துக்கொள்வார்களாக.

ஆனால் இந்தச் சிகிச்சைக்கு வருவோரெல்லாம் கிழவர் கிழவிகள் என்று எண்ணுவதும் தவறு. மேல்நாடுகளில் வயதினால் மூட்டுத் தேய்ந்தவர்களே மிகுதி. நமது தேசத்தின் கதை வேறு. மூட்டு வைத்தியர்களின் இந்தியச் சங்கம் 2013-ல் வெளியிட்ட பதிவேட்டில் 3,604 இடுப்பு மாற்றங்கள் அடங்கியிருந்தன. அவற்றில் ஏறக்குறையப் பாதி, தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் நின்றுபோய் அது மடிந்து நசுங்கியதால் செய்யப்பட்டவை. இந்நோய்க்கு ஆளாவோர் பலரும் முப்பது, நாற்பது வயதில், சம்பாதித்துக் குடும்பம் காக்கும் ஆண்மக்கள்.

காரணங்களில் மூன்று முக்கியமானவை: மிதமிஞ்சிய மதுபானம், பழைய அடி, வைத்தியர் மேற்பார்வையின்றி நெடுநாள் விழுங்கும் ஸ்டீராய்டு மருந்து. 2020, 2021-ம் வருஷங்களில் கொரோனாவுக்காக ஸ்டீராய்டு பெற்றவர்களிடையேயும் இந்நோயைப் பின்னால் வைத்தியர்கள் கண்டார்கள். ஆரம்பத்தில் தொடையிடுக்கில் வலிக்கும். சிலருக்கு முழங்காலில் மட்டும் வலிக்கும். முழங்காலுக்குத் தைலம் தடவியே ஒரு வருஷத்தை ஓட்டிவிடுவார்கள். சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாத நிலையிலும் எம்.ஆர்.ஐ. படத்தில் அது தெரியும். அப்போது வந்தால் மூட்டை மாற்றாமலே காப்பாற்ற வழியுண்டு.

இன்னொரு வகையினர், முதுகெலும்பு மெல்ல மெல்ல இறுகிப்போகும் வாத நோய் கொண்ட வாலிபர்கள். காலையில் எழுந்ததும் முதுகு மரக்கட்டைபோலிருக்கும். நடமாடினால் சற்று இளகும். பின்னர் இரு இடுப்புகளும் பூட்டிக்கொள்ளும். முடக்குவாதத்தால் மூட்டுக்கள் அரிக்கப்பட்ட ஸ்திரீகள் மற்றொரு வகை.

தர்மபுரி ஜில்லாவுக்கென்று தனித் துன்பம் ஒன்றுண்டு. நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்த பிரதேசம் அது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நீரை வருஷக்கணக்கில் குடித்தால் முதலில் பல்லில் கறையேறும். மிகவும் மிகுந்தால் எலும்பு தடித்து, தசைநார்கள் சுண்ணாம்பாகி, முதுகும் இடுப்பும் விறைத்துப்போகும். பார்வைக்குக் கனமான அந்த எலும்பு உண்மையில் நொறுங்கும் தன்மையுடையது. இதற்குப் பரிகாரம் கத்தியில் இல்லை, குடத்தில் இருக்கிறது. 2013-ல் தொடங்கி வைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவேரித் தண்ணீரைக் கொணர்ந்தது இந்தக் காரணத்துக்காகத்தான். குழாயில் அந்த நீர் வரும்போது ஆழ்துளைக் கிணற்று நீரைச் சமையலுக்கும் குடிக்கவும் எடுப்பது கூடாது.

நம் நாட்டு நோயாளிகளுக்குப் பொதுவான லக்ஷணங்கள் இரண்டு. முதலாவது, காலந்தாழ்த்தி வருவது. தாமதிக்கத் தாமதிக்கத் தசை சூம்புகிறது, மற்றக் காலும் பளுத் தாங்காமல் கெடுகிறது, சிகிச்சையும் கடினமாகிறது. இரண்டாவது, அவர்கள் கேட்கும் கேள்வி. "சம்மணம் போட்டு உட்காரலாமா? பந்தியில் சாப்பிடலாமா? கோலம் போடலாமா?" இவை அற்பக் கேள்விகள் அல்ல. தரையிலேயே வாழ்க்கை நடத்தும் ஜனங்கள் நாம். புதிய மூட்டை மிகவும் மடக்கினால் பந்து கிண்ணத்தை விட்டு நழுவக்கூடும். ஆகையால் முதல் சில மாதங்களாவது குந்துவதும், தாழ்ந்த ஆசனமும், கால்மேல் கால் போடுவதும் விலக்கப்படுகின்றன. பிறகு எவ்வளவு தளர்த்தலாம் என்பதை அவரவர் வைத்தியரே சொல்ல வேண்டும். நோயாளி வீடு திரும்புமுன் கழிப்பறையில் உயர்ந்த ஆசனம் அமைத்து, சுவரில் ஒரு பிடியும் போட்டு வைப்பது குடும்பத்தார் கடமை.

புது மூட்டு எத்தனை நாள் உழைக்கும்? 2019-ல் வெளியான பெரிய ஆராய்ச்சியொன்றின்படி, நூற்றுக்கு ஐம்பத்தெட்டு மூட்டுக்கள் 25 வருஷம் நிலைக்கின்றன. முதியவருக்கு அது ஆயுளுக்குப் போதும். வாலிபனுக்கோ மறுமுறை மாற்ற நேரிடலாம் என்பதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். எல்லா மூட்டும் ஒன்றென்றும் எண்ணலாகாது. உலோகத்தோடு உலோகம் உராயும் ஒருவகை மூட்டு, பழுதுபட்டதென்று 2010-ல் உலகமெங்கும் திரும்பப் பெறப்பட்டது. நம் தேசத்தில் சுமார் 4,700 அறுவைகளில் அது பயன்பட்டிருந்தது. தம் உடலில் வைக்கப்பட்டது எது என்றே அறியாத நோயாளியை எப்படித் தேடிப் பிடிப்பது? ஆகவே மூட்டின் பெயரும் எண்ணும் குறித்த சீட்டைக் கேட்டு வாங்கி, நிலப் பத்திரத்தோடு பத்திரமாக வையுங்கள்.

செலவைப் பற்றிய பயமும் பலரைத் தடுக்கிறது. தர்மபுரியில் 2008 முதல் அரசாங்க மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் இருக்கிறது. குடும்ப அட்டையை எடுத்துக்கொண்டு போய் விசாரித்த பிறகு முடியாதென்று சொல்வது நியாயம். விசாரிக்காமலே சொல்வது சோம்பல்.

இவற்றில் முக்கியமானவற்றைத் திண்ணையிலிருந்தபடியே பேரனிடம் எடுத்துச் சொன்னோம். இருதயத்தையும், சர்க்கரையையும், ரத்தத்தையும் சோதித்துவிட்டு, தாங்கும் தாங்காது என்பதை வைத்தியர் சொல்லட்டும் என்றோம். திங்கட்கிழமை அழைத்துப் போவதாக அவன் ஒப்புக்கொண்டான். அதுவரை வாய் திறவாதிருந்த மூதாட்டி, "ஆபரேஷன் பண்ணினா இந்தத் திண்ணையிலே உக்காரலாமா, சாமி?" என்று கேட்டாள்.

"நல்ல உயரமான திண்ணை, பாட்டி. தாராளமாக உட்காரலாம். தரையில்தான் கூடாது" என்றோம்.

அவள் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, தெருவை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். "மாரியம்மன் கோயில் வரைக்கும் போய் வரலாமா?" என்பது அடுத்த கேள்வி.

எந்த ஊருக்குப் போகப் போகிறேன் என்று சற்று முன் சொன்னவள் அவள்தான்.